முத்துவிடம் யார் சொல்வது?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் அறைக்குள் நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆள் வாசலில் நின்ற கேரியரிலேயே உட்கார்ந்திருந்தார். ஃபிஜியின் பா வட்டாரத்தில் கேரியர் என்றால் பின்னால் பலகை போட்ட சிறிய லாரி. ஆள், உரமூட்டை, ஆடு, கல்யாணப் பந்தல் கம்பு எல்லாம் அதில்தான் போகும்.

ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்த மாதம். ஜன்னலைச் சாத்தினாலும் கரும்புப்பாகின் வாசனை உள்ளே வந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொள்ளும். வந்தவர் பெயர் பெருமாள், கார் மெக்கானிக். நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். விரல் நுனிகள் சிவந்திருந்தன. கூடவே மனைவி சுசீலா, பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். நியூசிலாந்துக்குக் குடியேறுவதற்கான மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள்.

ஒரு கும்பல் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மற்றவர்களையும் பிணையாகப் பிடித்து வைத்த ஆண்டு அது. எங்கள் சிறிய சுகாதார நிலையம் தலைநகர் சுவாவிலிருந்து வெகு தூரம். எங்கள் தெருவில் ஒரு கடைக் கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் அந்த ஆண்டு நான் நோயாளிகளைவிட நலமாக இருந்தவர்களைத்தான் அதிகம் பரிசோதித்தேன். மூச்சை இழுங்கள், விடுங்கள், நாக்கை நீட்டுங்கள், இங்கே கையெழுத்து. அவ்வளவுதான். சில வாரங்கள் கழித்து அந்த வீட்டில் பூட்டு தொங்கும்.

பரிசோதனை முடிந்ததும் பெருமாள் மனைவியையும் பெண்களையும் வெளியே அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே பேசினார்.

“டாக்டர், இன்னொரு லெட்டர் வேணும். தம்பிய சுவா ஆசுபத்திரில சேக்கணும். அங்கயே இருக்கிற மாதிரி.”

கேரியரில் இருந்தது அவர் தம்பி முத்துசாமி. முப்பத்துநாலு வயது. பத்தொன்பது வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தவர். மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் கரும்பு வெட்டுவார், மாடு கட்டி உழுவார், சிரிப்பார். அவரை விண்ணப்பத்தில் சேர்த்தால் யாருக்கும் விசா கிடைக்காது என்று பெருமாளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சேர்க்காமல் எழுதியாகிவிட்டது. நிலத்தின் குத்தகையும் முடியப்போகிறது.

நான் பேனாவை எடுத்தேன். பாதகமான காரியம் செய்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

அந்த நேரம் கையில் காகிதக் கட்டோடு உள்ளே வந்தார் ருக்மணி அக்கா. பெருமாளின் படிவங்களைத் தட்டச்சு செய்தவரே அவர்தான். நான் எழுதத் தொடங்கியிருந்த வரியைப் பார்த்தார்.

“முத்துவுக்கு இப்ப ஒடம்பு நல்லாத்தானே இருக்குது? சேக்கறதுக்கு இன்னா காரணம்னு எழுதுவீங்க டாக்டர்? வூட்டாளுங்க பிளேன் ஏறிட்டாங்கன்னா?”

பேனாவை மூடி வைத்தேன்.

தட்டச்சு செய்தபடி கேட்டவர்

ருக்மணி அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகத் தட்டச்சர். ஒல்லியான உடம்பு, பூப்போட்ட முழங்கால் கவுன், காதில் வைத்த பென்சில். கிர்மிட் எனப்படும் கரும்புக்கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்களின் நான்காம் தலைமுறை. வீட்டில் ஃபிஜி இந்திதான். தமிழ், கோயில் பஜனையிலும் தகப்பனாரிடமும் கேட்டுக் கற்றது. மதுரையிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த என் காதுக்கு, அது பழைய மெட்ராஸ்காரர் யாரோ பேசுவது போலிருக்கும்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் ராணுவப் புரட்சி நடந்தபோதே ஊரை விட்டுப் போகிறவர்களின் படிவங்கள் அவர் மேசைக்கு வரத் தொடங்கிவிட்டன. படிவத்தில் கேட்பது பெயர், பிறந்த தேதி, தொழில். எதிரே உட்கார்ந்தவர்கள் சொல்வதோ வேறு. போக மாட்டேன் என்று அழும் அப்பா, சொல்லாமல் கிளம்பத் திட்டமிடும் மகன், மறுக்கப்பட்ட விசாவை மனைவியிடம் மறைத்தவர். அக்கா விசைகளைத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார்.

“மிசின் சத்தம் இருந்தா ஜனங்க தாராளமா பேசுவாங்க டாக்டர்” என்று ஒருமுறை சொன்னார். “சில நாளு வெறும் பேப்பர்ல டக்கு டக்குனு அடிச்சுக்கிட்டே இருப்பேன். நிறுத்தினா அவங்களும் நிறுத்திடுவாங்க.”

இந்தப் புரட்சிக்குப் பிறகு பக்கத்து நகரமான லௌடோகாவில் பெண்கள் குழு ஒன்று இரண்டு வாரம் மனநல ஆலோசனைப் பயிற்சி நடத்தியது. அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து நேராக என்னிடம் வந்தார். வாரத்தில் செவ்வாய், வெள்ளி காலைகளில் ஒரு நாற்காலி போட இடம் வேண்டும் என்றார். பஞ்சு, பிளீச்சிங் பவுடர் வைத்திருந்த சாமான் அறையைக் கொடுத்தேன். கொஞ்சம் அலட்சியமாகத்தான் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில், தலைவலி என்று வாராவாரம் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒன்பது பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். விசாரித்தால், எல்லோரும் சாமான் அறை வாசலில் இருந்தார்கள்.

மதுரையில் ஒரு விலாசம்

முத்துவின் கதைக்கு வருமுன் ஒரு பழைய நினைவு.

மதுரையில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது மனநலப் பிரிவில் மூன்று மாதம் வேலை பார்த்தேன். சரியாகி வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணைக் கொண்டுபோய் விட வார்டு ஊழியரோடு நானும் பஸ் ஏறினேன். பதிவேட்டில் இருந்த விலாசத்தைத் தேடி ஒரு பகல் முழுக்க அலைந்தோம். அந்தத் தெருவே அந்த ஊரில் இல்லை. யோசித்து, பொருத்தமான பெயர் வைத்து, கதவு எண்ணோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

திரும்பும்போது அந்தப் பெண் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, “பரவால்ல சார், அவுக வேற வீடு மாறியிருப்பாக” என்று என்னைத் தேற்றினார்.

அக்காவின் கேள்வி காதில் விழுந்ததும் எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகம் வந்தார்.

மூன்று வாரம்

“எனக்கு மூணு வாரம் குடுங்க” என்றார் அக்கா. பெருமாள் தலையாட்டினார். அவர் மனதில் புறப்படும் தேதி ஒன்று இருந்தது; மூன்று வாரம் அதற்குள் அடங்கியது.

அந்த மூன்று வாரமும் செவ்வாய், வெள்ளியில் பெருமாள் வேலைக்குப் போகுமுன் சாமான் அறைக்கு வந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று அக்கா எனக்குச் சொன்னதில்லை. பெருமாளே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். முதல் நாள் அக்கா அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனாராம். அக்கா கேட்டதோ, “பதினஞ்சு வருசமா நீ ராத்திரி முழுசா தூங்கினது எப்ப?” அதற்குப் பதில் சொல்லவே அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. தாய் இறந்தபின் தம்பியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர் அவர். அதைப் பற்றி அவரிடம் யாருமே கேட்டதில்லை.

கடைசியில்தான் அக்கா தன் நிபந்தனையைச் சொன்னார்.

“போறது ஒன் இஷ்டம். ஒனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. ஆனா அவன் விசயத்துல முடிவு எடுக்கிறப்ப அவன் அங்க இருக்கணும். செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பொய் சொல்லி சுவாவுல வுட்டுட்டுப் போகக் கூடாது. நீயே சொல்லணும்.”

“கேட்டா தாங்க மாட்டான் அக்கா.”

“நீ தாங்க மாட்ட. அதுக்குத்தான் நான் கூட வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை சமையலறையில்

ஞாயிறு காலை நானும் போனேன். ஏதாவது ஆனால் மருத்துவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். தகரக் கூரை வீடு. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. சமையலறையில் சுசீலா ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். முத்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

பெருமாள் மூன்று முறை தொண்டையைச் செருமினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாங்கள் ஆக்லாந்து போகிறோம். உன்னை அழைத்துப்போக முடியாது. உன்னிடம் கேட்காமல் உன்னை சுவாவில் விட இருந்தேன். இந்த மூன்றையும் அவர் சொல்லி முடித்தபோது ரொட்டிக் கல்லில் புகை வந்துகொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

முத்து தேநீரை முழுதாகக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியும்ணே” என்றார். “ஆறு மாசமா நீங்க யாரும் என்னைத் திட்டல. எல்லாரும் மெதுவாவே பேசறீங்க. எனக்குக் காதுல வேற வேற குரல் கேக்கும், நெசந்தான். அதுக்காக ஒங்க குரல் கேக்காதுன்னு நெனச்சீங்களா?”

பெருமாள் அப்படியே உட்கார்ந்து தம்பியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். முத்து அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாதவர் போலப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

அக்கா எழுந்து ரொட்டிக் கல்லை இறக்கி வைத்தார். பிறகு முத்துவிடம் கேட்டார். “ஒனக்கு இன்னா வேணும்? அவங்க போறதை நிறுத்த முடியாது. அது இல்லாம, ஒனக்கு இன்னா வேணும்?”

அந்தக் கேள்வியை அந்த மனிதரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. பதினைந்து ஆண்டாக ஊசி போட்ட நானும் எனக்கு முன்னால் இருந்தவர்களும்கூடக் கேட்டதில்லை.

முத்து ஜன்னல் வழியே மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார். “மாடு வேணும்” என்றார். “இங்கயே இருக்கணும். தினமும் யாராச்சும் என்கிட்ட பேசணும். திட்டினாக்கூட பரவால்ல.”

மேரேயின் ஊரில்

எங்கள் நிலையத்தின் மூத்த நர்ஸ் மேரே. பெருமாள் குடும்பம் குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் யாருடைய குலத்துக்குச் சொந்தமோ அந்தப் பூர்வகுடி ஃபிஜியர் கிராமம்தான் அவருடைய தாயின் ஊர். நிலம் யாருடையது என்று கேட்டு நாடே இரண்டாகப் பிரிந்து நின்ற நேரத்தில், அந்தக் கிராமத்துக்குப் போய் ஓர் இந்தியனுக்கு இடம் கேட்கலாம் என்று சொன்னது மேரேதான். அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

முறைப்படி யங்கோனா வேர்க்கட்டைக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் முன்னால் வைத்தோம். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, இடித்துக் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் சுற்றுக்கு விட்டார்கள். மண்வாசனையடிக்கும் அந்தப் பானம் என் நாக்கை மரக்கச் செய்தது. பேச்சு ஃபிஜி மொழியில் நடந்ததால் எனக்கு முகங்கள்தான் புரிந்தன. இரண்டு முகங்கள் சம்மதிக்கவில்லை. அதில் ஒருவர் கையை ஓங்கிக் காட்டி ஏதோ கேட்டார். மேரே பதில் சொன்னார். பிறகு ஒரு கிழவர் சிரிக்கத் தொடங்க, மற்றவர்களும் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் மேரே அதை இந்தியில் சொன்னார். “அவன் கரும்புக் கத்தியை எடுத்து யாரையாவது வெட்டினால் என்ன செய்வது என்று கேட்டார். நான் சொன்னேன்: பதினைந்து வருசமாக அவன் உங்கள் பக்கத்தில் நின்று அதே கத்தியால்தான் கரும்பு வெட்டுகிறான். இந்த வருசம் துப்பாக்கி எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டேன்.”

ஓர் அரவைப் பருவத்துக்குப் பார்க்கலாம் என்று முடிவானது. வீடும் மாட்டுக் கொட்டகையும் முத்துவுக்கு. கிராமத்தின் மரவள்ளி நிலங்களையும் டாலோ என்ற சேப்பங்கிழங்கு நிலங்களையும் அவர் மாடு கட்டி உழுது தர வேண்டும். பக்கத்து வீட்டுத் தோமாசி குடும்பத்தோடு ராச்சாப்பாடு. மாதம் ஒரு முறை மேரே வந்து ஊசி போடுவார்.

பெருமாள் குடும்பம் புறப்படும் நாளன்று அக்காவோடு முத்துவும் நாடி விமான நிலையத்துக்குப் போனார். அண்ணன் மகள்களின் பெட்டியைத் தூக்கியவர் அவர்தான். திரும்பும் வழியில் சபேட்டோ என்ற ஊர்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாராம். பிறகு, பசிக்கிறது என்றாராம். அக்கா அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

என் தவறு

இத்தோடு கதையை நிறுத்தினால் எனக்கு நல்லது. ஆனால் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

அதற்குள் நானும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போக விண்ணப்பித்திருந்தேன். பெருமாள் போன நான்காம் மாதம் நேர்காணலுக்காக சுவாவுக்குப் போனேன். அந்த வாரம் மருந்து கேட்டு அனுப்ப வேண்டிய சீட்டு என் பையிலேயே கிடந்தது. திரும்பி வந்தும் நினைவில்லை. என் தலை முழுக்க பிரிஸ்பேன். முத்துவின் ஊசி மருந்து தீர்ந்தது. மேரே இரண்டு முறை கேட்டார், வந்துவிடும் என்றேன்.

மூன்று வாரத்தில் முத்து தூங்குவதை நிறுத்தினார். ஒரு விடியற்காலை கரும்பு ரயில் தண்டவாளத்தைப் பிடித்து நடந்தவரைக் காணவில்லை. தோமாசியும் கிராமத்து ஆண்களும் இரண்டு நாள் தேடினார்கள். கடைசியில் லௌடோகா பஸ் நிலையத்திலிருந்து, அவரை அடையாளம் தெரிந்த டிரைவர் ஒருவர் போன் செய்தார். செருப்பில்லாமல் நின்று யாருடனோ வாதாடிக்கொண்டிருக்கிறார், சுற்றி நின்று சிலர் பக்லா, பக்லா என்று கூப்பிடுகிறார்கள் என்றார். பைத்தியம் என்பதற்கு அங்குள்ள சொல் அது.

அக்காவும் மேரேயும் பஸ் பிடித்துப் போனார்கள். அக்கா அவர் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். வா என்று சொல்லவில்லை. கையைப் பிடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் வெயிலில் அப்படியே இருந்திருக்கிறார். கூட்டம் தானாகக் கலைந்தது. பிறகு முத்து, “எத்தினி மணிக்கு பஸ்ஸு?” என்று கேட்டார்.

சுவாவுக்கு அனுப்பத் தேவைப்படவில்லை. எங்கள் ஆறு கட்டில் வார்டிலேயே பத்து நாள் வைத்துத் தேற்றினோம்.

நான் சாமான் அறைக்குப் போய் அக்காவிடம், “என் தப்பு” என்றேன். இல்லை டாக்டர், விடுங்கள் என்பார் என்று மனதுக்குள் எதிர்பார்த்தேன்.

“ஆமா. ஒங்க தப்புதான்” என்றார். பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டார். “ஒக்காருங்க. ரொம்ப நாளா ஒங்க மொகம் சரியில்ல. இன்னான்னு சொல்லுங்க.”

ஒரு மணி நேரம் பேசினேன். போவதா இருப்பதா என்று எனக்கே தெரியாததை, இருக்கப்போவதாக நோயாளிகளிடம் நடித்ததை, எல்லாவற்றையும். அவர் குறிப்பு எடுக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. வெளியே வந்தபோது தோள்பட்டை லேசாக இருந்தது. அதற்கு முன் எத்தனையோ பேரை அந்த அறைக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நேராக வார்டுக்குப் போய், மருந்து கேட்க மறந்தது நான்தான் என்று முத்துவிடம் சொன்னேன். அவர், “நானும் நெறைய மறப்பேன் டாக்டர். இனிமே ரெண்டு பேரும் எழுதி வெச்சுக்கலாம்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சுகாதார அமைச்சகத்துக்கு வாராவாரம் ஒரு கடிதம் போகத் தொடங்கியது. அக்கா தட்டச்சு செய்தது, நான் கையெழுத்திட்டது. ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் மூன்று மாத ஊசி மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். ஆலோசகர் என்று ஒரு பதவி வேண்டும். அதே கடிதம், தேதி மட்டும் மாறும். ஒருநாள் அதிகாரி ஒருவரே வந்துவிட்டார். பணியிடப் பட்டியலில் அப்படி ஒரு பதவியே கிடையாது அம்மா என்றார்.

“பட்டியலைக் குடுங்க, அடிச்சுத் தர்றேன்” என்றார் அக்கா.

கையிருப்பு அந்த ஆண்டே வந்தது. பதவி வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அதுவும் அரைநாள் வேலை. அது அக்காவுக்கே கிடைத்தது; மறுநாள் வழக்கம்போலக் காதில் பென்சிலோடு வந்தார். சாமான் அறையிலிருந்த பிளீச்சிங் பவுடரை மட்டும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்.

பெருமாள் வந்தார்

ஆக்லாந்து போன பெருமாள் ஞாயிறுதோறும் அக்காவுக்குப் போன் செய்வார். தம்பியைப் பற்றிக் கேட்பதாகத்தான் ஆரம்பிப்பார். சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் கை நடுங்குகிறது என்பது மெல்ல மெல்ல வெளியே வந்தது. அக்கா விடாமல் கேட்டுக் கேட்டு, அந்த ஊரிலேயே ஓர் ஆலோசகரிடம் அவரை அனுப்பினார். முதல் நாள் போகுமுன் என்ன பேசுவது என்று போனிலேயே ஒத்திகை பார்த்தார்களாம்.

மூன்றாம் ஆண்டு பெருமாள் விடுமுறையில் வந்தார். அக்காவும் நானும் கேரியரில் அவரோடு போனோம். கொஞ்சம் பருத்திருந்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு. வீடு தெரிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வயல் வரப்புக்கு நடந்தார். அக்கா வண்டியிலிருந்து இறங்கவில்லை. என் சட்டையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

முத்து டாலோ நிலத்தில் உழுதுகொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்தார். ஏர் நிற்கவில்லை. அந்தச் சாலின் கடைசிவரை ஓட்டி முடித்து, மாட்டை அவிழ்த்து, அதன் பிறகே வரப்புக்கு வந்தார். பெருமாள் பேச வாயெடுத்தார்.

முத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்” என்றார். “எங்கயும் போயிடாத.”

பெருமாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.